கேளுங்க சொல்றேன்

கேள்வி: எங்கம்மா காலத்துல சுவத்துக்கு சுவர் சிவப்பு முக்கோணம், ‘நாம் இருவர் நமக்கு இருவர்’. 2025ல முதல்வர் ஸ்டாலின் கல்யாண மேடையிலயே சீக்கிரம் புள்ள பெத்துக்கோங்கன்னு சொன்னாரு. என்னதாங்க கணக்கு இது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: கணக்கேதாம்மா. 1952ல உலகத்துலயே முதல் நாடா இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை கவர்மெண்ட் திட்டமா ஆரம்பிச்சப்ப, ஜனம் பெருகிட்டா சோத்துக்கு எங்க போறதுன்னு பயம். இப்ப பயம் எம்.பி. சீட்டு, ஜனத்தொகையை வச்சுதான் மாநிலத்துக்கு இத்தனைன்னு பிரிக்கறாங்க. 1971 சென்சஸ் கணக்குல சீட்டை அப்படியே நிறுத்தி வச்சிருக்காங்க, 2026க்கு அப்புறம் வர்ற முதல் சென்சஸோட அந்த கெடு முடியுது, சொன்ன பேச்சு கேட்டு புள்ளைய குறைச்சுக்கிட்ட நமக்கு, இருக்கற 39 சீட்டுக்கு உள்ள மதிப்பு குறைஞ்சிடுமோன்னு கவலை. கவலை நியாயம்தான். ஆனா போதும்னாலும் சரி பெத்துக்கோன்னாலும் சரி, பெக்கறவளை கேட்டு யாரும் முடிவு பண்ணல பாருங்க. 1930லயே கர்ப்பத்தடை வேணும்னு எழுதின பெரியார், ஜனத்தொகைக்காக கேக்கல, பொம்பளை சுதந்திரமா இருக்கணும்னு கேட்டாரு. அந்த பேச்சை மேடையில பாதிலயே விட்டுட்டாங்க.

கேள்வி: ரெண்டு புள்ள போதும்னு முடிவு பண்ணிட்டோம். நான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டா தெம்பு போயிடும்ங்கறாங்களே?
- பேர் வேண்டாம்னு சொன்ன வாசகர், ராயபுரம்

பதில்: எங்க மாமாவும் இதைத்தான் சொன்னாரு, "நான் மூட்டை தூக்கறவன், எனக்கெதுக்கு". அத்தைக்கு மூணாவது பிரசவம் முடிஞ்ச கையோட பண்ணி விட்டாங்க, ஃபாரத்துல கைநாட்டு வச்சது கூட மாமாதான். தையல் பிரிச்ச அன்னைக்கே வியாசர்பாடி அடிபம்புல அடிச்சு எட்டு குடம் மாடிக்கு ஏத்துச்சு அத்தை, அதுக்கு தெம்பு வேணாமாம்!

இத்தனைக்கும் 1950கள்ல மெட்ராஸ் கவர்மெண்ட் பணம் குடுத்து ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்சது, 1960கள்ல வந்ததுல ஆம்பளைங்கதான் அதிகம். அப்புறம் எமர்ஜென்சி, 1976-77 ஒரே வருஷத்துல நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல, முக்கால்வாசி ஆம்பளைங்க, வடக்கே ஆள் புடிச்சு இழுத்துட்டுப் போய் பண்ணாங்க. 77 எலெக்ஷன்ல இந்திரா தோத்ததும் திட்டத்துக்கே ‘குடும்ப நலம்’னு பேர் மாத்தி, ஆம்பளைய விட்டுட்டு பொம்பளை பக்கம் திரும்பிட்டாங்க. இன்னைக்கு தமிழ்நாட்டுல ஆபரேஷன் பண்ணிக்கற ஆம்பளை நூத்துக்கு ஒருத்தர் கூட தேறமாட்டாரு.

உங்க விஷயத்துக்கு வர்றேன். விந்தணு போற குழாயை மட்டும்தான் கட் பண்றாங்க, ஆம்பளை ஹார்மோன் ரத்தத்துல கலக்கறது, அதுக்கு ஒண்ணும் ஆகாது. மரத்துப்போற ஊசி போட்டு கொஞ்ச நேரத்துல முடிச்சு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, வயித்தை தொறக்கற வேலையே இல்ல. ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க: உடனே பலன் கிடையாது. மூணு மாசம் காண்டம் போட்டுக்கணும், அப்புறம் விந்து டெஸ்ட் பண்ணி டாக்டர் சரின்னு சொன்னதும் விட்டுடலாம்.