விண்டரில் மொபைல் டீடெய்லிங்: மூடவும் வேண்டாம், பே எடுக்கவும் வேண்டாம்

தம்பி, மே மாதம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வானை வைத்து மொபைல் கார் டீடெய்லிங் (வீடு தேடிப் போய்க் காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகத் துப்புரவாக்கும் வேலை) தொடங்கினீர்கள், கோடை முழுக்க மூச்சுவிட நேரமில்லை, ஒக்டோபர் பிறந்ததும் அழைப்புகள் குறைகின்றன. விண்டருக்குத் தொழிலை மூடிவிட்டு ஃபக்டறிக்குப் போவதா, இல்லாவிட்டால் ஹீற் உள்ள ஒரு பே (கட்டடத்துக்குள் காரை விட்டு வேலை செய்யும் இடம்) வாடகைக்கு எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். குறைந்தபட்சம் முதல் விண்டரில் வேண்டாம். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் பல விண்டர் இந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கோடையில் நீங்கள் விற்றது பளபளப்பு. ஜனவரியில் அதற்கு யாரும் காசு தர மாட்டார்கள். காலையில் கழுவிக் கொடுத்தால் பின்னேரம் 401 நெடுஞ்சாலையில் ஏறி இறங்கியதும் கார் மறுபடி வெள்ளை. ஆனால் அதே உப்பு சப்பாத்தில் ஒட்டி உள்ளே வந்து கார்ப்பெற்றில் இறங்குகிறதே, விண்டரில் உங்கள் வருமானம் அதில்தான் இருக்கிறது. விளம்பரப் படத்தையே மாற்றுங்கள். மினுங்கும் பொனெற்றை எடுத்துவிட்டு, டிரைவர் காலடியில் வெள்ளை படிந்த கார்ப்பெற்றை, துப்புரவாக்குவதற்கு முன்னும் பின்னும் போடுங்கள்.

இந்த உப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வீதியில் கொட்டுவது பெரும்பாலும் சாதாரண சோடியம் குளோரைட். காய்ந்தால் வெள்ளையாகத் தெரியும். ஏறக்குறைய மைனஸ் 10க்குக் கீழே அது ஒழுங்காக வேலை செய்யாது என்பதால் கால்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் போன்றவையும் பாவிப்பார்கள். இவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் சாதி. சில கார்களில் எவ்வளவு துடைத்தாலும் அடுத்த நாள் கார்ப்பெற் வழுவழுவென்று ஈரமாக இருப்பதும், கண்ணாடியின் உள்பக்கம் நீராவி படிவதும் இதனால்தான். கார்க்காரர் எங்கேயோ தண்ணீர் ஒழுகுகிறது என்று நினைத்து மெக்கானிக்கிடம் ஓடுவார். இதை நீங்கள் விளக்கிச் சொன்னால் பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிடும்.

எடுக்கும் முறை: முதலில் தண்ணீரே காட்டக்கூடாது. விறைப்பான பிரஷ்ஷால் உதிர்த்து, வக்யூமால் இழுத்து, உதிருகிற உப்பையெல்லாம் உலர்வாகவே வெளியேற்றுங்கள். பிறகு வெள்ளை வினாகிரியும் சுடுதண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து மெல்லிதாகத் தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, துவாயால் அழுத்தி எடுத்து, அதன்பிறகு எக்ஸ்ட்ராக்டர் (தண்ணீர் தெளித்து உறிஞ்சி எடுக்கும் மெஷின்). வாசம் பிடிக்காதவர்களுக்குக் கடையில் விற்கும் உப்பு நீக்கி பாவிக்கலாம். வேலை கெதியாக முடியட்டும் என்று தண்ணீரை அள்ளி ஊற்றினால் உப்பு கரைந்து அடியில் இருக்கும் பஞ்சுக்குள் போய்விடும். கார்ப்பெற் காயும்போது அது மேலே ஏறி, இரண்டு நாளில் அதே இடத்தில் வெள்ளை வளையம் வரும், கஸ்டமர் ஃபோன் எடுப்பார். கடுமையான கறைக்கு இரண்டு தரம் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, அதற்கும் சேர்த்து விலை சொல்லுங்கள். சீற்றுக்குக் கீழே வயர்கள் இருக்கும், கவனம். மஞ்சள் நிறக் கனெக்டர் எயார்பாக்கினுடையது. அதை நனைக்கவும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம்.

கழுவுவதைவிடக் காயவைப்பதுதான் விண்டரில் பெரிய வேலை. கோடையில் கதவைத் திறந்து வைத்தால் தானாகக் காய்ந்தது, இப்போது ஈரத்தோடு கொடுத்தால் இரவு உறைந்து, ஒரு கிழமையில் பூஞ்சண வாசம் வரும். கார்ப்பெற் காற்றாடி ஒன்று வாங்குங்கள், எக்ஸ்ட்ராக்டரால் வெறும் உறிஞ்சல் மட்டும் இரண்டு மூன்று தரம் ஓட்டுங்கள். வீட்டு கராஜில் உள்ள பிளக் வழக்கமாக 15 அம்ப், 120 வோல்ற், அதாவது மொத்தமே 1,800 வாற். 1,500 வாற் ஹீற்றரையும் எக்ஸ்ட்ராக்டரையும் ஒரே சேர்க்கிற்றில் போட்டால் பிரேக்கர் விழும், பிறகு வீட்டுக்காரரின் பேஸ்மென்ற்றுக்குள் போய் நிற்க வேண்டியிருக்கும். வந்தவுடனேயே வேறு சேர்க்கிற்றில் இன்னொரு பிளக் இருக்கிறதா என்று கேளுங்கள். மின்சாரம் போதவில்லை என்று கராஜுக்குள் ஜெனரேற்றரை ஓட்டுவது, கதவைப் பூட்டிக்கொண்டு காரை ஸ்டார்ட்டில் விட்டு ஹீற் போடுவது, புரப்பேன் ஹீற்றர் கொளுத்துவது எல்லாம் உயிர் விளையாட்டு. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

தண்ணீரும் நீங்களே கொண்டுபோக வேண்டும். நவம்பரில் வெளிக் குழாயை எல்லா வீட்டிலும் பூட்டிவிடுவார்கள். சூடு தாங்கும் கான்களில் வீட்டிலிருந்தே சுடுதண்ணீர் நிரப்பிக்கொண்டு போங்கள், உள்வேலைக்கு அது தாராளம். டிசம்பர் நடுப்பகுதியில் மாலை 4:45க்கு முன்பே சூரியன் போய்விடும், எனவே நல்ல எல்ஈடி வேர்க் லைற் ஒன்றும் வேண்டும்.

வெளிப்புறம் கழுவுவதை முற்றாக விடச் சொல்லவில்லை. டிரைவ்வேயில் பிரஷர் வாஷர் போடுவதைத்தான் விடச் சொல்கிறேன். அந்தத் தண்ணீர் அங்கேயே ஐஸாகும், விழுந்து இடுப்பு முறிந்தால் வழக்கு உங்கள் மேல். அதைவிட, வீதியோரச் சாக்கடை மழைநீர்க் குழாய், அது சுத்திகரிக்கப்படாமல் ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது. கார் கழுவிய அழுக்குத் தண்ணீரை அதில் விடுவதை ரொறன்ரோ மாநகரச் சட்டம் தடுக்கிறது, கோடையிலும்தான். இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் போகும் நாளில் வழியில் ஒரு ரச்லெஸ் (பிரஷ் படாத) கார் வாஷுக்குள் விட்டு எடுத்து வரும்படி கஸ்டமரிடமே சொல்லுங்கள். பெரிய உப்பும் மணலும் போய்விடும். மிச்சத்தை கராஜுக்குள் ரின்ஸ்லெஸ் வாஷ் (பிறகு அலசத் தேவையில்லாத கழுவல்) போட்டு, ஒரு வாளித் தண்ணீரில் முடிக்கலாம். உப்புப் படையோடு இருக்கும் காரில் நேரே ரின்ஸ்லெஸ் துணியைப் போட்டால் பெயின்ற் முழுக்கக் கீறல். கடைசியில் கதவு ரப்பரையும் ஓரங்களையும் வடிவாகத் துடைத்து சிலிக்கோன் பூசுங்கள். மறந்தால் மறுநாள் காலை கதவு திறக்காமல் கஸ்டமர் வேலைக்குப் பிந்துவார்.

செராமிக் கோட்டிங் (பெயின்ற்றைக் காக்கும் கடினப் பூச்சு) கேட்டு வருபவர்களை விண்டர் நடுவில் ஏற்காதீர்கள். பெரும்பாலான கோட்டிங்குகளுக்கு 10 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும், உலர்ந்து இறுகும் நேரம் முழுக்க. அந்த வேலைக்கு உங்களுக்குக் கிடைத்திருப்பது இந்த ஒக்டோபர்தான். கோடைக் கஸ்டமர் எல்லோருக்கும் இந்தக் கிழமையே செய்தி போடுங்கள்: பெயின்ற்றுக்கு சீலன்ற் (பாதுகாப்புப் பூச்சு), முன் கண்ணாடிக்கு மழைநீர் ஒட்டாத பூச்சு, விளிம்பு உயர்ந்த ரப்பர் மற், எல்லாம் சேர்த்து விண்டர் ஆயத்தம். உறைபனிக்கு முன் மூன்று நான்கு கிழமை நல்ல உழைப்பு இருக்கிறது, இப்போதே வேலை இல்லை என்று சோர்ந்துபோகாதீர்கள்.

ஆட்களை எங்கே பிடிப்பது? நான் முதலில் பார்ப்பது ஊபர், டாக்ஸி ஓட்டுபவர்களை. எங்கள் ஆட்களிலேயே எத்தனையோ பேர் ஓட்டுகிறார்கள். உள்ளே நாறினால் அவர்களின் ரேற்றிங் விழும், ஆகவே ஸ்னோவானாலும் வருவார்கள். மாதம் ஒரு தரம் என்று நிரந்தரமாகப் பேசிக்கொள்ளுங்கள். அடுத்தது கொண்டோக்கள் (அடுக்குமாடிக் குடியிருப்புகள்). நிலக்கீழ் பார்க்கிங் பெரும்பாலும் உறைநிலைக்கு மேலேயே இருக்கும், காற்றும் இல்லை. ஆனால் ஒரு குடியிருப்பாளரின் விருந்தாளிபோல ஒளித்துப் போய் வேலை செய்யாதீர்கள், கமெராவில் ஒருநாள் பிடிபட்டால் அந்தக் கட்டடமே போச்சு. மனேஜ்மென்ற் அலுவலகத்துக்குப் போய், இன்சூரன்ஸ் சான்றிதழைக் காட்டி, ரின்ஸ்லெஸ் முறையில் நிலம் நனையாமல் செய்வேன் என்று விளக்கி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரே நாளில் ஒரே கட்டடத்தில் நான்கு கார் கிடைத்தால், ஸ்னோவில் வான் ஓட்டும் நேரமும் மிச்சம். பழைய கார் விற்கும் சிறிய லொட்டுகளிலும் கேட்கலாம். காசு குறைவு, அதுவும் இழுத்தடித்துத்தான் தருவார்கள், ஆனால் சில இடங்களில் சூடான பே இருக்கும். நான் அவர்களை இடைவெளி நிரப்ப மட்டும் வைத்திருந்தேன்.

தைப்பொங்கலுக்கு முந்தின கிழமையை விடாதீர்கள். வீட்டைத் துப்புரவாக்கும் கையோடு காரையும் செய்விக்க எங்கள் சனம் தயங்காது. சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் நடுவில் வருவது இன்னும் பொருத்தம், உப்புக் காலம் முடிந்து எல்லோரும் காரைக் கழுவ நினைக்கும் நேரம் அதுதான். அதற்கான பதிவை மார்ச் தொடக்கத்திலேயே சிறிய முற்பணத்தோடு எடுங்கள், கையில் காசு வற்றும் மாதம் அது.

சாமான்களை இரவில் வானில் விடவேண்டாம். தண்ணீர் ஐஸாகும்போது சுமார் 9 வீதம் விரியும், எக்ஸ்ட்ராக்டர் பம்பும் பிரஷர் வாஷர் பம்பும் வெடிப்பது அதனால்தான். பிரஷர் வாஷரை இப்போதே வடித்து, ஆர்வீ வண்டிகளுக்குப் போடும் இளஞ்சிவப்பு அன்ரிஃப்ரீஸை பம்புக்குள் ஓட்டி மூடிவையுங்கள். ஷாம்பூ, சீலன்ற் எல்லாம் வீட்டுக்குள். உறைந்து இளகினால் சில பிரிந்துபோகும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்டுச் சிக்கனம் பார்க்காதீர்கள். வானைத் தொழிலுக்குப் பாவிப்பதாகக் கம்பனிக்குச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாவிட்டால் விபத்தன்று கிளெயிம் நிற்காமல் போகலாம். வழக்கமான பொது லயபிலிற்றி பொலிசி (அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கான காப்புறுதி), உங்கள் பொறுப்பில் இருக்கும் அடுத்தவர் சொத்துக்கு வரும் சேதத்தை விலக்கியிருக்கும், அதாவது நீங்கள் வேலை செய்யும் அந்தக் காரையே. எனக்குத் தெரிந்த ஒருவர், கராஜுக்குள் விடுகிறேன் என்று கஸ்டமரின் காரை எடுத்து, ஐஸில் வழுக்கி அயல்வீட்டுக் காரில் இடித்தார், இரண்டுக்கும் கைக்காசு. ஒன்ராறியோவில் அடுத்தவர் வாகனத்தைக் கையாளும் தொழிலுக்கு கராஜ் பொலிசி தனியாக உண்டு, புரோக்கரிடம் ஓஏபி 4 என்று சொன்னால் விளங்கும். அது எடுக்கும் வரை சாவியைத் தொடாதீர்கள், காரை நகர்த்துவது கஸ்டமரின் வேலை. வானுக்கு விண்டர் ரயர் கட்டாயம் போடுங்கள். ஒன்ராறியோவில் சட்டக் கட்டாயம் இல்லைதான், ஆனால் 2016 முதல் சொந்தப் பாவனைக் கார் இன்சூரன்ஸில் விண்டர் ரயருக்கு விலைக்கழிவு தரவேண்டும் என்பது விதி. தொழில் வானுக்கும் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்னோ அள்ளும் கொன்ராக்ற்றையும் சேர்த்து எடுக்கச் சொல்லி நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. வழுக்கி விழும் வழக்குகளால் அந்தத் தொழிலின் இன்சூரன்ஸ் தனிக் கதை, உங்கள் தற்போதைய பொலிசி அதைத் தொடாது.

காசு விஷயம். சுயதொழில் செய்பவருக்கு வேலை குறைந்தால் சாதாரண ஈஐ (வேலையின்மைக் காப்புறுதி) கிடையாது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆகவே ஃபக்டறி என்று நீங்கள் சொன்னதில் பாதி சரி: ஜனவரி, பெப்ரவரியில் திங்கள் முதல் வியாழன் வரை பகுதிநேர வேலை ஒன்று பாருங்கள், வெள்ளி முதல் ஞாயிறு கார் வேலை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் செய்தேன். தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் வரவு 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்ரி (விற்பனை வரி) பதிய வேண்டும், கோடை நன்றாக ஓடியிருந்தால் இப்போதே கூட்டிப் பாருங்கள். சுயதொழில்காரர் வரிப் படிவம் கொடுக்க ஜூன் 15 வரை நேரம் இருந்தாலும், கட்டவேண்டிய காசுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. சிபிபி (கனடா ஓய்வூதியத் திட்டம்) கட்டுவதில் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டும் உங்களுடையதே. விண்டர் முடிந்து கை வெறுமையாக இருக்கும் நேரத்தில் அந்தப் பில் வரும், கோடைக் காசில் ஒரு பகுதியை வேறு கணக்கில் இப்போதே ஒதுக்குங்கள்.

பே வாடகைக்கு வருகிறேன். வருட லீஸ் போட்டால் வாடகையோடு ஹீற்றிங், சொத்து வரியில் உங்கள் பங்கு, ஏற்கனவே இருக்கிற வான் செலவு, எல்லாம் வேலை குறைந்த நான்கு மாதங்களில் தலையில் ஏறும். மெக்கானிக் கடை வைத்திருக்கும் யாரிடமாவது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பேயை நாள் வாடகைக்குக் கேளுங்கள், பல கடைகள் அன்று பூட்டித்தான் இருக்கும். அந்த ஞாயிறுகள் ஜனவரி, பெப்ரவரி முழுக்க நிரம்பி, ஆட்களைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தால், லீஸ் பற்றி மார்ச்சில் கதைக்கலாம்.