மூன்றாம் அச்சுக்கு ஸ்பிரிங் விசை வராதது ஏன்

ஹட்டனிலிருந்து கேட்டிருந்தீர்கள்: லினக்ஸில் மூன்று மோட்டர் பூட்டிய ஜாய்ஸ்டிக், எக்ஸ், வை அச்சுகளில் ஸ்பிரிங் விசை வருகிறது, முறுக்கும் அச்சில் வரவில்லை, அதைக் கணினியிலேயே கணக்கிட்டு அனுப்பினால் பிடி அதிர்கிறது.

உங்கள் சர்க்யூட்டைச் சந்தேகிக்க வேண்டாம். கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) எஃபெக்ட் அமைப்பில், அதாவது விசை விவரங்களை வைக்கும் தரவு அமைப்பில், ஸ்பிரிங், டேம்பர் (வேகத்தை எதிர்க்கும் விசை) வகைகளுக்கு இரண்டே இடங்கள்தான், எக்ஸுக்கு ஒன்று, வைக்கு ஒன்று. நிலையான விசையின் திசையும் ஒரே 16 பிட் கோணம். எக்ஸ்-வை தளத்தைத் தாண்டி அந்தக் கோணத்தால் எதையும் சொல்ல முடியாது.

முறுக்கு அச்சைத் தனி யுஎஸ்பி இன்டர்ஃபேஸாக, அதாவது கணினிக்குத் தனிச் சாதனமாகத் தெரியும்படி, பிரியுங்கள். அங்கே அதுவே எக்ஸ். ஒரே இன்டர்ஃபேஸுக்குள் அச்சுகளை இரு குழுக்களாக அறிவித்து இரண்டு கலெக்‌ஷன் வைப்பது போதாது, பிஐடி (யுஎஸ்பி விசைச் சாதனங்களுக்கான நெறிமுறை) டிரைவர் முதல் உள்ளீட்டுச் சாதனத்தை மட்டுமே பிடிக்கும். டிரைவர் இரண்டாம் கண்டிஷன் பிளாக்கையும் (வை அச்சுக்கான ஸ்பிரிங் விவரம்) அனுப்பக்கூடும். ஜாய்ஸ்டிக்கின் மைக்ரோகண்ட்ரோலரில் ஓடும் ஃபர்ம்வேர் அதை ஒதுக்கிவிடட்டும். இதில் ஒரு குறை: இரு சாதனங்களின் எஃபெக்டுகளும் ஒரே கணத்தில் தொடங்காது. ஸ்பிரிங்குக்கு அது பொருட்டல்ல.

அதிர்வுக்குக் காரணம் தாமதம். யுஎஸ்பியின் ஃபுல் ஸ்பீடில் பிடியின் நிலை கணினிக்கு வர 1 மில்லிசெக்கன், விசை திரும்பிப் போக இன்னொன்று, நடுவே ஷெடியூலர் (எந்த நிரல் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் பகுதி) தரும் காத்திருப்பு. தாமதமாக வரும் விசை பிடிக்குள் ஆற்றலை ஏற்றுகிறது. ஸ்பிரிங் இறுக இறுக ஆட்டம் கூடும். ஸ்பிரிங்கின் மையம், கெழு (இறுக்கம்), உச்ச வரம்பு, டெட்பேண்ட் (மையத்தைச் சுற்றி விசை இல்லாத பகுதி) ஆகியவற்றை மட்டும் அனுப்பி, கணக்கை மைக்ரோகண்ட்ரோலரிடம் விடுங்கள்.

மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் போய் வரும். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டர் சப்ளை திரும்பியதும் பழைய விசை கையை அடிக்கக்கூடாது. கணினி மறுபடி இயக்கக் கட்டளை தரும்வரை மோட்டர்கள் அணைந்தே இருக்கட்டும். யுஎஸ்பி 3 மில்லிசெக்கன் மௌனமானாலும் அப்படியே.