சிப் கம்பெனியா, டூல் ரூமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். கணக்கில் நல்ல மார்க். என் கணவர் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறார். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளம் சரியாகப் போகிறது. மகனோ ‘டூல் அண்ட் டை’ (மிஷினுக்கான கருவியும் அச்சும் செய்யும் தொழில்) டிப்ளமோதான் படிப்பேன் என்று நிற்கிறான். இந்தியா அடுத்த வல்லரசு, இனி எல்லாம் சிப், ஏஐ என்கிறார்கள். இவன் மறுபடியும் எண்ணெய்க் கறைக்கே போகிறானே என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் பயம் சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு வந்தது அல்ல, இருபது வருடச் சம்பளக் கவரைப் பார்த்து வந்தது. அதனால் ‘பையனுக்குப் பிடித்ததைப் படிக்க விடுங்கள்’ என்று ஒரே வரியில் முடிக்கமாட்டேன். ஆனால் ‘நாடு முன்னுக்கு வரும்போது எந்தத் தொழில் ஓங்குமோ அதில் பிள்ளையைச் சேர்த்துவிடுவோம்’ என்ற கணக்கு இருக்கிறதே, அது நம்பக்கூடியதா? அப்படி முன்னுக்கு வந்த ஒரு நாட்டை எடுத்துப் பார்ப்போம்.

1850இல் அமெரிக்கா பெரும்பாலும் விவசாய நாடு. அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தியை இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. 1913இல் உலகத் தொழிற்சாலை உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதனுடையது. பிரிட்டனையும் ஜெர்மனியையும் சேர்த்தாலும் அந்த அளவு வராது. நிலக்கரி, இரும்பு, ரயில் பாதை, உயர்ந்த இறக்குமதி வரி, கப்பல் கப்பலாக வந்திறங்கிய குடியேறிகள், பெரிய உள்நாட்டுச் சந்தை என்று காரணங்களை வரலாற்றுப் புத்தகங்கள் அடுக்கும். எல்லாம் சரிதான். ஆனால் நிலக்கரி இருப்பதை வைத்துப் பிள்ளைக்குக் கோர்ஸ் தேர்ந்தெடுக்க முடியாது. நமக்கு வேண்டியது, அந்த அறுபது வருடத்தில் யார் கையில் இருந்த வேலை கடைசிவரை செல்லுபடியானது என்பதுதான்.

அங்கே அன்றைய ‘ஹாட்’ தொழில் துப்பாக்கி. வெர்மான்ட் மாநிலத்தின் வின்ட்சர் என்ற சிற்றூரில் ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் கம்பெனி செய்த ரைஃபிள்கள் 1851 லண்டன் கண்காட்சிக்குப் போயின. எந்தத் துப்பாக்கியின் பாகத்தையும் எந்தத் துப்பாக்கியிலும் மாட்டலாம். உட்கார்ந்து அரம் போட்டு ராவிப் பொருத்த வேண்டியதில்லை. சில வருடங்களில் பிரிட்டிஷ் அரசே அமெரிக்க இயந்திரங்களை வாங்கித் தன் என்ஃபீல்டு ஆயுதச்சாலையில் நிறுவியது. பிறகு உள்நாட்டுப் போர் வந்தது, 1865இல் முடிந்தது, துப்பாக்கி ஆர்டர் வற்றியது. அதற்குள் தையல் மிஷின் வந்திருந்தது. 1878இல் ஹார்ட்ஃபோர்டு நகரின் ஒரு தையல் மிஷின் ஆலையிலேயே சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். அதன் பிறகு கார். 1860இல் ஒரு தாய் ‘என் மகன் எந்தத் தொழிலுக்குப் போகட்டும்’ என்று கேட்டிருந்தால் யார்தான் கார் என்று சொல்லியிருப்பார்? அப்படி ஒரு பொருளே கிடையாது.

மாறாமல் இருந்தது, அந்தப் பொருள்களைச் செய்யும் இயந்திரத்தையும், அளவைச் சரிபார்க்கும் கேஜையும் செய்யத் தெரிந்த ஆள். பிராவிடன்ஸ் நகரின் பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியைப் பாருங்கள். துப்பாக்கிப் பாகத்தில் துளை போடும் டிரில் பிட்டுக்குச் சுருள் பள்ளம் வெட்டக் கஷ்டமாக இருக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னதிலிருந்து, 1862இல் அங்கே, சுழலும் கருவியால் உலோகத்தைச் செதுக்கும் யுனிவர்சல் மில்லிங் மிஷின் பிறந்தது. உங்கள் மகன் பாலிடெக்னிக் பட்டறைக்குள் நுழைந்தால் அதன் வம்சத்து மிஷின் ஒன்று நிற்கும்.

என்னிடம் வரும் பையன்களுக்கு நான் அதிகம் சொல்வது ஹென்றி லேலண்ட் என்பவரின் வேலை வரலாற்றை. 1843இல் வெர்மான்டில் பிறந்தவர். போர்க்காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையில் வேலை. பிறகு பிரவுன் அண்ட் ஷார்ப்பில் பல வருடம். அங்கே தையல் மிஷின் பிரிவைப் பார்த்துக்கொண்டார். 1890இல் டெட்ராய்ட் போய்ச் சொந்தப் பட்டறை. 1902இல் காடிலாக் கார் கம்பெனி. 1908இல் மூன்று காடிலாக் கார்களை இங்கிலாந்தில் கழற்றி, பாகங்களைக் கலந்துபோட்டு, மறுபடி பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அதற்காக பிரிட்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் தரும் டியூவர் கோப்பை கிடைத்தது. அந்த மனிதர் நாலு துறை மாறினார், ஆனால் கற்றது ஒன்றுதான்: அளவு பிசகாமல் செய்வது, அதையே ஆயிரம் தடவை செய்யும்படி மிஷினை அமைப்பது.

இங்கேதான் உங்கள் கணவரின் நிலைமையும் வருகிறது, அம்மா. நாடு வளர்ந்தால் பட்டறையில் இருக்கும் எல்லாரும் வளர்வார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபோர்டு 1913இல் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தார். அந்த வருடம் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 50,000 பேருக்கு மேல் புதிதாக எடுக்க வேண்டிவந்தது. ஒரே போல்ட்டை நாள் முழுக்க முடுக்க முடியாமல் ஓடிப்போனார்கள். 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதே ஆலையில், அந்த லைனுக்கு வேண்டிய ஜிக், ஃபிக்சர் (பாகத்தை அசையாமல் சரியான இடத்தில் பிடிக்கும் சட்டங்கள்), டை (அச்சு) செய்த டூல் ரூம்காரர்கள் வேறு ரகம். ஓட்டுகிறவரைச் சுலபமாக மாற்றலாம், டை செய்கிறவரை மாற்றுவது கஷ்டம். உங்கள் கணவர் இருபது வருடம் மிஷினை ஓட்டும் பக்கம் நின்றிருக்கிறார் என்று நினைக்கிறேன். மகன் கேட்பது அந்தப் பக்கம் அல்ல. சிப் கம்பெனியே வந்தாலும் அங்கே அச்சும் ஃபிக்சரும் துல்லிய அளவும் வேண்டும்.

ஆனால் ஒன்று. இந்தக் கைத்திறன் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் சோறு போடும். எண்களால் இயங்கும் மில்லிங் மிஷினை 1952இல் முதலில் செய்து காட்டியது அமெரிக்காவின் எம்ஐடிதான். ஆனால் அதை மலிவாக்கிச் சின்னப் பட்டறைவரை கொண்டுபோனது ஜப்பான். 1980களில் மிஷின் டூல் உற்பத்தியில் ஜப்பான் அமெரிக்காவைத் தாண்டியது. நியூ இங்கிலாந்துப் பழைய மிஷின் ஊர்கள் பல காலியாகின. பையன் சிஎன்சி (கணினி எண்களால் இயக்கும் மிஷின்) புரோகிராமும் கேட்–கேமும் (கணினியில் வரைந்து அதை மிஷினுக்கான கட்டளையாக்குவது) பழகாமல் அரத்தையும் வெர்னியரையும் மட்டும் நம்பினால் எனக்கும் உங்கள் பயம்தான்.

கணக்கை அவன் விடக்கூடாது. அமெரிக்காவில் 1910இல் பதினெட்டு வயதினரில் பத்தில் ஒருவர்கூட உயர்நிலைப் பள்ளி முடிக்கவில்லை. 1940இல் பாதிப்பேர் முடித்திருந்தார்கள். டிராயிங் வாசிக்கவும் கோணம் கணக்கிடவும் தெரிந்த தொழிலாளி அப்படித்தான் கிடைத்தார். டிப்ளமோ முடித்தவர்கள் பிஇ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அந்தக் கதவு திறந்திருக்க, சேரும் கல்லூரிக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) அங்கீகாரம் உண்டா என்று முதலிலேயே பாருங்கள்.

முதல் சில வருடச் சம்பளம் குறைவாகவே இருக்கும், நைட் ஷிஃப்டும் உண்டு. அதை அவனிடம் மறைக்க வேண்டாம். பணம் கட்டுமுன் கல்லூரிப் பட்டறைக்கு உங்கள் கணவரையே அனுப்புங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவன் மிஷினில் நிற்கிறான், சிஎன்சி ஓடுகிறதா துணி போர்த்தியிருக்கிறதா, கடைசி வருடம் எந்தக் கம்பெனியில் பயிற்சி என்று அவர் கேட்கட்டும். ஐந்து நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். நம்பிக்கை வராவிட்டால் இருக்கட்டும் என்று, பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிவு செய்துவையுங்கள். மெக்கானிக்கலையும் புரொடக்‌ஷனையும் விருப்பப் பட்டியலில் மேலே போடச் சொல்லுங்கள்.