நீந்தத் தெரியாதவர்கள் புறாத்தீவுக்குப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளிக்குக் குடும்பமாக வருகிறோம், மூன்று பேருக்கு நீந்தத் தெரியாது, புறாத்தீவு தேசியப் பூங்காவுக்குப் படகுக்காசு கொடுத்துப் போவது வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணே இல்லை. நான் உப்புவெளி ஆள். ஊருக்கு வருகிற சொந்தக்காரரை அங்கே கூட்டிப்போவது என் பொறுப்பு. அவர்களில் பாதிப் பேர் முழங்கால் தண்ணீரைத் தாண்டாதவர்கள்.

புறாத்தீவு என்றால் எல்லாரும் மீனையும் சுறாவையும்தான் சொல்வார்கள். எனக்கு முதலில் பாறை. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். இருக்கிற இரண்டு தீவில் பெரியதே சுமார் 200 மீற்றர் நீளம், 100 மீற்றர் அகலம். அந்தச் சின்ன இடத்துக்குள் உருண்டு திரண்ட பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். யாரோ உருட்டி வைத்த மாதிரி இருந்தாலும் அவை உருண்டு வந்தவை அல்ல. இலங்கையின் பெரும்பகுதிக்கு அடியில் கிடக்கும் மிகப் பழைய படிகப் பாறையின் இனம். வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கி, பல பக்கமும் அரிபடும் மூலைகளை முதலில் தின்றுவிடுகிறது. மிஞ்சுவது உருண்டை. காலை வெயிலில் கிட்டப்போய்ப் பாருங்கள், கல்லுக்குள் மணிமணியாக மினுங்கும்.

பாறை இடுக்குகளில்தான் புறாக்கள். கோயில் கோபுரத்தில் குடியிருக்கிற அதே மாடப்புறா இனம், இங்கே காட்டுப் பறவையாக, கல்லையே மாடமாக்கிக் கூடு வைக்கிறது. தீவுக்குப் பெயர் வந்தது அதனால்தான். வெள்ளைக்காரன் காலத்தில் இதே தீவைச் சுட்டுப் பழகும் இலக்காக வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கசக்கும். 1963இல் சரணாலயம் ஆனது, 2003இல் தேசியப் பூங்கா ஆனது.

இன்னொரு பாறையும் இருக்கிறது. நீந்தத் தெரியாதவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

போன வருசம் என் பெரியம்மாவைக் கூட்டிப்போனேன். நெடுந்தீவில் பிறந்தவர். அங்கே வேலி, மதில் எல்லாம் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, அடுக்கிக் கட்டியவை, சாந்து கிடையாது. படகால் இறங்கியதும் கரையில் குவிந்து கிடந்த வெள்ளைத் துண்டுகளை அள்ளிப் பார்த்து, “இது எங்கட வேலிக் கல்லெல்லோ!” என்றார். விரல் தடிப்பில் உடைந்த முருகை. மேலெல்லாம் ஊசி குத்தினாற்போல் பொட்டுப் பொட்டாகத் துளைகள்.

படகோட்டி அண்ணை தண்ணீருக்குள் பார்க்கிற தன் கண்ணாடியைக் கொடுத்து, இடுப்பளவு தண்ணீரில் மணல் தரையாகப் பார்த்து நிற்கவைத்து, “முகத்தை மட்டும் தண்ணிக்குள்ள வையுங்கோ அம்மா, நான் கையைப் பிடிச்சிருக்கிறன்” என்றார். பெரியம்மா குனிந்தார். கனநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது, “பிள்ளை, உதுக்கு நிறம் இருக்குதடி” என்றார். எழுபது வருசமாகச் செத்த கல்லாகவே பார்த்ததை அன்றுதான் உயிரோடு பார்க்கிறார். அந்தத் துளை ஒவ்வொன்றிலும் ஒரு சிற்றுயிர் இருந்திருக்கிறது என்று நான் சொல்ல, கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதே நேரம் பத்தடி தள்ளி ஒருவர் களைத்துப்போய், பாறை என்று நினைத்து முருகையின்மேல் ஏறி நின்றார். மளுக்கென்று முறிந்த சத்தம் எங்களுக்கே கேட்டது. உருண்டை முருகை வருசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே அதிகம். 1998இல் கடல் சூடேறி, தெற்கிலும் மேற்கிலும் முருகை வெளிறிச் செத்தபோது எங்கள் பக்கம் பெரும்பாலும் தப்பியது. வெயிலிடமிருந்து தப்பியது காலால் முறிவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கடலுக்குள் கல் மாதிரி எது தெரிந்தாலும் கால் வைக்காதீர்கள். மணலில் மட்டும் நில்லுங்கள்.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வாருங்கள். வாடை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். காலையில் முதல் படகுகளோடு போனால் கூட்டமும் குறைவு, தண்ணீரும் தெளிவு. வனசீவராசிகள் திணைக்கள டிக்கெட்டும் படகுக் கூலியும் தனித்தனி. பாதுகாப்பு அங்கி போடாமல் படகில் ஏறவேண்டாம். கரையெல்லாம் முருகைச் சல்லி, வெறுங்காலைக் கிழிக்கும், ஆகையால் றப்பர் செருப்பு வேண்டும். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், வெற்றுப் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கறுப்பு நுனிச் செட்டை வைத்த சுறாக் குட்டி தெரிந்தால் பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை, அது மனிதரைக் கண்டால் விலகிப்போகும்.

புறப்படும்போது பெரியம்மா அந்தத் துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்றேன். முடிச்சை அவிழ்த்து, தண்ணீர் விளிம்பு வரை நடந்துபோய் வைத்துவிட்டு வந்தார். வருகிற ஆனிக்குத் திரும்பவும் போகவேணுமாம், இந்தமுறை சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு.