இன்றைய வேட்பாளர்களிலிருந்து இன்னொரு காமராசர் வர முடியுமா?

இன்று நம் முன் வாக்குக் கேட்டு நிற்பவர்களில் யாராவது ஒருவர் காமராசரைப் போலவோ சாஸ்திரியைப் போலவோ நாடு போற்றும் தலைவராக வளர வாய்ப்பு உண்டா, இல்லையென்றால் நோட்டாவை அழுத்திவிட்டு வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், முதல் முறையோ இரண்டாம் முறையோ வாக்களிக்கப் போகிறவர் என்று தோன்றுகிறது. தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்லன். பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வியைக் கண்டதும் ஒரு மனிதரின் முகம் நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன்.

வேட்பாளராக நிற்கும்போதே ஒருவரைப் பார்த்து, இவர் பெரிய தலைவராவார் என்று யாராலும் சொல்லிவிட முடியாது. 1964இல் சாஸ்திரி பிரதமரானபோது, நேரு இருந்த இடத்தில் இவரா என்று ஐயப்பட்டவர்கள் ஏராளம். 1956இல் அரியலூரில் ரயில் கவிழ்ந்தபோது பொறுப்பேற்று அமைச்சர் பதவியை விட்டு விலகியவர் அவர்தான் என்பது அப்போது பலருக்கு மறந்தே போயிருந்தது. 1965இல் பாகிஸ்தானுடன் போர் வந்தது, அந்த ஐயமும் தீர்ந்தது. ஆகவே இன்றைய வேட்பாளர்கள் சின்ன மனிதர்களாகத் தெரிகிறார்கள் என்பதை மட்டும் வைத்து நான் நம்பிக்கை இழக்க மாட்டேன். என் கவலை வேறு.

2006 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில், நான் வேலை பார்த்த தொகுதிக்கு வெளியே ஒரு கிராமப் பள்ளியில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். பிற்பகல் இரண்டு மணி இருக்கும், வெயில் தாங்க முடியவில்லை. ஒரு மூதாட்டி உள்ளே வந்தார். வாக்காளர் பட்டியலில் அவருடைய வயது நாற்பத்தைந்து என்று அச்சாகியிருந்தது, ஆளைப் பார்த்தால் எழுபதுக்குக் குறையாது. அட்டையில் இருந்த படமும் மங்கிப் போயிருந்தது. உடனே ஒரு பெரிய கட்சியின் முகவர் எழுந்து, இது வேறு ஆள் என்று ஆட்சேபம் தெரிவித்தார். விதிப்படி அப்படி ஆட்சேபிக்கும் முகவர் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். அவர் சட்டைப் பையிலிருந்து நாணயத்தை எடுத்து என் மேசைமேல் ஓசை எழ வைத்தார். அந்த அம்மாளுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. காசைப் பார்த்து, தன்னிடம்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். அந்தக் கையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

நான் விசாரித்தேன். வீட்டு எண், கணவர் பெயர், பட்டியலில் அடுத்த வரியில் இருந்த மருமகளின் பெயர் எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னார். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணும் அடையாளம் சொன்னார். வயது பிழையாக அச்சாகியிருக்கிறது என்பது தெளிவாகிவிட்டது. முகவரும் அதே தெருக்காரர் என்பதால் ஆட்சேபத்தில் நல்லெண்ணம் இல்லை என்று பதிவு செய்து, அந்த இரண்டு ரூபாயை அரசுக்குப் பறிமுதல் செய்தேன். முகவர் சத்தம் போடத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் அவருடைய வேட்பாளரே, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். இளம் வயதினர், முதல் தேர்தல். இனி என் பாடு திண்டாட்டம்தான் என்று நினைத்தேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு முகவரிடம், "சார் விசாரிச்சுட்டாரு. தப்பு நம்ம மேலதான். உட்காருங்க அண்ணே" என்றார். அந்த மூதாட்டியின் வீடு அவருக்கு வாக்களிக்காத தெருவில் இருந்தது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அந்த அம்மாள் வாக்களித்துவிட்டு வெளியே போகும்வரை சுவரோரமாக நின்றிருந்துவிட்டுத்தான் அடுத்த சாவடிக்குப் புறப்பட்டார். அன்று இரவு என் மனைவியிடம், ஒரு நல்ல தலைவரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன். அவர் வெற்றி பெற்றார்.

சில ஆண்டுகளில் எனக்கு மாறுதல் வந்து, அவருடைய தொகுதியிலேயே ஒரு பள்ளியில் சேர்ந்தேன். ஆசிரியர்களைப் பாதிக்கும் ஒரு சட்ட முன்வடிவு தொடர்பாக, நாலைந்து பேர் சேர்ந்து அவரைப் பார்க்கப் போனோம். கேட்கிற பொறுமை மாறவில்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கட்சிப் பொறுப்பாளரின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். தலைமையிடம் தெரிவிக்கிறேன் என்றார். புறப்படும்போது வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் இதுல உடன்பாடு இல்ல சார். கொறடா உத்தரவு வந்துட்டா நான் என்ன பண்ண முடியும்?" என்றார். முன்வடிவுக்கு ஆதரவாகத்தான் வாக்களித்தார். எங்கள் கோரிக்கை தோற்றது எனக்குப் பெரிதில்லை. ஒரு வாக்குச்சாவடியில் தன் முகவரையே உட்காரச் சொன்ன மனிதர், ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு பார்வைக்கு அஞ்சும் நிலைக்கு வந்துவிட்டாரே என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அவர் பெயரையும் கட்சியையும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். எந்தக் கட்சியில் இருந்தாலும் அவருக்கு இதுவே நடந்திருக்கும்.

அவர் சொன்னது சாக்குப்போக்கும் அல்ல. 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. கட்சித் தாவலைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. அதன்படி, அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் கொறடா மூலம் இடும் உத்தரவுக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினர், முன் அனுமதி பெறாமலும் பதினைந்து நாளுக்குள் கட்சி அதை மன்னிக்காமலும் இருந்தால், பதவியையே இழக்க நேரிடும். பணத்துக்குக் கட்சி மாறுவதைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அரசைக் கவிழ்க்கும் வாக்கெடுப்புக்கும் ஒரு சாதாரண முன்வடிவுக்கும் ஒரே தண்டனை என்றால், மனசாட்சிப்படி ஒருமுறை 'இல்லை' என்று சொல்லிப் பழகும் வாய்ப்பு அந்த உறுப்பினருக்கு எங்கே கிடைக்கும்?

1954ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். முதலமைச்சர் பதவியிலிருந்து ராஜாஜி விலக முடிவு செய்ததும், அடுத்த முதலமைச்சராகப் போகிற காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராசரை எதிர்த்து சி. சுப்பிரமணியம் நின்றார், சுப்பிரமணியத்தின் பெயரை பக்தவத்சலம் முன்மொழிந்தார். வெளிப்படையான போட்டி, வாக்கெடுப்பு. வென்ற காமராசர் அவ்விருவரையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அன்று தோற்ற சுப்பிரமணியம்தான் பின்னாளில் மத்திய உணவு, வேளாண் அமைச்சராகி, 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்குமதி செய்ய வைத்துப் பசுமைப் புரட்சிக்கு வழி திறந்தார். தலைவரை எதிர்த்து நின்றவர் அன்றே ஒதுக்கப்பட்டிருந்தால் அந்தப் பாதை அங்கேயே அடைபட்டிருக்கும். இன்று எந்தக் கட்சியிலாவது சட்டமன்றக் கட்சித் தலைவர் 'ஒருமனதாக' அல்லாமல் தேர்வானார் என்று நீங்கள் கடைசியாகப் படித்தது எப்போது?

பழைய காலத்தையே புகழ்கிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அப்போதும் சாதி பார்த்து வேட்பாளரை நிறுத்தினார்கள், கட்சிக்குள் கோஷ்டிச் சண்டை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. பணம்தான் முதல் காரணம் என்று வேறு சிலர் சொல்லலாம். 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலையே பணப் புகாரால் ரத்து செய்ய வேண்டியிருந்தது என்பதால், அதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் நான் பார்த்த அந்த மனிதரைக் கெடுத்தது பணம் அல்ல.

ஆகவே, வாய்ப்பு உண்டா என்றால், ஆட்கள் இருக்கிறார்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களை வளரவிடாத அமைப்பு மாறாதவரை அவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களாகவே வந்து போவார்கள்.

நோட்டா பற்றிக் கேட்டீர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2013இல் அது வந்தது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டாவுக்கே அதிக வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் பெற்றவரே வென்றவர் ஆவார். எனவே நான் அதை அழுத்துவதில்லை. வேட்பாளர் எங்கள் தெருவுக்கு வரும்போது, அவருடைய கட்சிக்குச் சங்கடமான ஒரு கேள்வியை மரியாதையாகக் கேட்பேன். பதில் சொல்லும் முன் அவர் என்னைப் பார்க்கிறாரா, பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறாரா என்று கவனிப்பேன். என்னைப் பார்த்துப் பதில் சொல்பவருக்கே, அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், இதுவரை வாக்களித்து வந்திருக்கிறேன்.