இரண்டு ‘கார்’, இரண்டு ‘பியே’: பிரெஞ்சுப் பயணச் சொற்களை எப்படிப் படிப்பது?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “கணவர் பாரிஸில் இருக்கிறார். சில மாதங்களில் நானும் போகவேண்டும். பஸ், ரயில், விமானம், சைக்கிள் என்று பயணத்துக்கான 150 பிரெஞ்சுச் சொற்களைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கிவிட்டேன். ஆனால் இவர் வட்ஸ்அப்பில் ஸ்டேஷன் அறிவிப்பைப் பதிந்து அனுப்பினால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எங்கே பிழை விடுகிறேன்?”

தங்கச்சி, கொப்பியில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. பிழை அதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதி, அதைத்தான் பாடமாக்கியிருக்கிறீர்கள். மேலே ஒரு வரியில் ‘கார் – ரயில் நிலையம்’. கீழே இன்னொரு வரியில் ‘கார் – தூரப் பயண பஸ்’. பிரெஞ்சுக்காரர் காதுக்கு இவை வேறு வேறு சொற்கள். ரயில் நிலையத்தின் முதல் ஒலி ‘தங்கம்’ என்னும்போது நடுவில் வருகிற க. பஸ்ஸின் முதல் ஒலி ‘கடல்’ என்பதில் வருகிற க. நம் எழுத்தில் இரண்டும் ஒன்று. அதேபோல ‘பியே’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று ரிக்கெற், மற்றது கால் (பாதம்). ரிக்கெற்றுக்கு ‘அம்பு’வில் வருகிற ப, காலுக்குப் ‘பழம்’ என்பதில் வருகிற ப.

தெருவுக்கும் சில்லுக்கும் அதே கதை. ‘ரூ’ என்று எழுதினால் இரண்டில் எது? சில்லுக்கு நம்முடைய ஊ சரி. தெருவுக்கு நாக்கை ‘ஈ’ சொல்வதுபோல் வைத்துக்கொண்டு உதட்டை ‘ஊ’வுக்குக் குவிக்க வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் நின்று பத்துத் தரம் செய்து பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

நானும் இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். ஆகவே இந்தப் பதிலையும் பாடமாக்க வேண்டாம். ஒலியுள்ள அகராதியில் ஒவ்வொன்றையும் கேட்டு, பிரெஞ்சு எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தெரிந்த முகத்தோடு வந்து ஏமாற்றும் சொற்கள். யாழ்ப்பாணத்தில் கொண்டக்டர் என்றால் மினிபஸ் வாசலில் தொங்கியபடி “சுன்னாகம், தெல்லிப்பழை” என்று கூப்பிடுகிறவர். பிரெஞ்சில் ‘கொந்துக்தர்’ என்றால் சாரதி! ரிக்கெற் பரிசோதிக்க வருகிறவர் ‘கொந்த்ரோலர்’. ‘ஸ்தாசியோன்’ பெரும்பாலும் நகர ரயிலான மெட்ரோவுக்கு. ரயிலுக்கு முன்னே சொன்ன ‘கார்’, பஸ் தரிப்பிடத்துக்கு ‘அரே’. ‘லொக்காசியோன்’ என்ற பலகை இடத்தைக் காட்டவில்லை, அங்கே வாகனம் வாடகைக்குக் கிடைக்கும். வாகனத்துக்கு அடிக்கும் பெற்றோல் ‘எசான்ஸ்’.

‘வுவாத்யூர்’ என்றால் கார் என்று உங்கள் கொப்பியில் இருக்கிறது. சரிதான், ஆனால் அரைவாசி. நான் அங்கே முதன்முதலில் தூர ரயில் ஏறியபோது ரிக்கெற்றில் ‘வுவாத்யூர் 8’ என்று இருந்தது. இறங்கிய பிறகு எட்டாம் இலக்கக் கார் ஒன்று வந்து ஏற்றும் போல, நல்ல வசதிதான் என்று நினைத்துக்கொண்டு கைக்கு எட்டிய பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஒரு கிழவி வந்து தன் ரிக்கெற்றை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ரயிலில் வுவாத்யூர் என்றால் பெட்டி. ‘பிளாஸ்’ என்றால் இருக்கை.

இதனால்தான் வாகனப் பெயர்களின் பட்டியலை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஹெலிகொப்டரும் பாய்க்கப்பலும் உங்களுக்கு எதற்கு? நீங்கள் உண்மையாகப் போகப்போகிற ஒரு பாதையை எடுத்து, அதில் கண்ணில் படும் வரிசையிலேயே சொற்களைப் படியுங்கள். நம் ஆட்கள் கடை போட்டிருக்கும் லா ஷப்பெல்லுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஷார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கியதும் ‘பகாஜ்’ பலகை, அது பொதிகளுக்கு. அப்புறம் ‘சோர்த்தி’, வெளியேறும் வழி. ஆர்.ஈ.ஆர். பி என்ற புறநகர் ரயிலுக்கு ரிக்கெற் வாங்கி, ‘கே’ என்ற மேடைக்குப் போய், கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கவேண்டும். அங்கே ‘கொரெஸ்பொந்தான்ஸ்’ என்ற பலகையைப் பின்தொடருங்கள். ஒரு வண்டியில் இருந்து இன்னொன்றுக்கு மாறும் வழி அது. நடைபாதை வழியே போனால் மெட்ரோ 2ஆம் பாதையின் லா ஷப்பெல் வந்துவிடும். இறங்கிய பிறகும் ரிக்கெற்றைக் கைவசம் வைத்திருங்கள், வெளியே போகும் கதவுக்கும் அது வேண்டும். இல்லாவிட்டால் ‘அமாந்த்’, அதாவது தண்டம்.

இந்தப் பாதையில் எல்லாவற்றிலும் முக்கியமான சொல் ‘திரெக்ஸியோன்’. அதன் பின்னால் வருவது அந்தப் பாதையின் கடைசித் தரிப்பிடத்தின் பெயர். நம்மூர் பஸ்ஸில் ‘காங்கேசன்துறை’ என்று பலகை போடுவதுபோல. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்.ஈ.ஆர். பி வடக்கே போகும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை விமான நிலையத்துக்கு, மற்றது மித்ரி-கிளே என்ற இடத்துக்கு. அம்மாவைக் கூட்டிவர விமான நிலையம் போகும் நாளில் மித்ரி ரயிலில் ஏறினால் அம்மா பெட்டியோடு காத்துக்கொண்டு நிற்பார்.

ரிக்கெற்றுக்கு இரண்டு சொல் உண்டு: தூர ரயிலுக்கும் விமானத்துக்கும் ‘பியே’, மெட்ரோ, பஸ்ஸுக்கு ‘திக்கே’. தமிழில் ‘பஸ்ஸில்’, ‘சைக்கிளில்’ எல்லாம் ஒரே ‘இல்’. அங்கே உள்ளே இருந்து போகும் வாகனத்துக்கு ‘ஆன்’, நடைக்கும் சைக்கிளுக்கும் ‘ஆ’ என்று வைத்துக்கொண்டால் போதும். ஆண்பால் பெண்பால் தலையிடி வேறு. பஸ், ரயில், மெட்ரோ, சைக்கிள், விமானம் ஆண்பால். கார் (வுவாத்யூர்), ரயில் நிலையம் பெண்பால். காரணம் தேடாமல், பாலைக் காட்ட முன்னால் வரும் சிறு சொல்லோடு (‘ல’, ‘லா’ போல) சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

அறிவிப்புப் பிடிபடாததற்கு இன்னொரு காரணம் இலக்கங்கள். அறிவிப்பில் பாதி, மணி நேரமும் மேடை இலக்கமும்தான். இரண்டு மணிக்கு ‘தஸ் அர்’ மாதிரி ஒலிக்கும், பன்னிரண்டுக்கு ‘தூஸ் அர்’. வேகமாகச் சொன்னால் பழகிய காதே தடுமாறும். நேர அட்டவணை 24 மணிக் கணக்கில் இருப்பதால் பின்னேரம் 2 மணி ரயிலை 14 என்றே சொல்வார்கள். 70ஐ ‘அறுபது-பத்து’ என்றும், 90ஐ ‘நாலு இருபது பத்து’ என்றும் சொல்வதைக் கேட்டுப் பலர் தலையில் கை வைப்பார்கள். நூறே ஆகாத எண்ணைத் தொண்ணூறு என்று சொல்லும் நாம் அதைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. (சுவிஸில் பிரெஞ்சு பேசும் பக்கத்தில் சொந்தக்காரர் இருந்தால் அவர்கள் ‘செப்தாந்த்’, ‘நொனாந்த்’ என்று இலகுவாகச் சொல்லிவிடுவார்கள். பாரிஸில் அப்படிச் சொல்வதில்லை.)

பயிற்சிக்கு யாழ்ப்பாண பஸ் ஸ்டாண்டே போதும். பஸ்ஸில் ஏறும்போது மனதுக்குள் “நான் பஸ்ஸில் ஏறுகிறேன்” என்று பிரெஞ்சில். கோண்டாவில் வருகிறதென்றால் “அடுத்த தரிப்பிடத்தில் இறங்குகிறேன்”. பஸ் சுணங்கினால் ‘ஆன் ரெத்தார்’, இந்தச் சொல்லுக்குப் பயிற்சி குறையாது. முன்னால் போகும் வாகனங்களின் இலக்கத்தகட்டில் கடைசி இரண்டு இலக்கத்தைப் பிரெஞ்சில் வாசியுங்கள்.

கணவரிடம் அறிவிப்புகளை நீளமாக அனுப்பச் சொல்லாதீர்கள். ஒரு நாளுக்கு ஒன்று, பத்து விநாடி. முதல் தரம் இலக்கத்தை மட்டும் பிடியுங்கள், இரண்டாம் தரம் இடத்தின் பெயரை. மூன்றாம் தரம் ‘ரெத்தார்’, ‘சுப்ரிமே’ இரண்டில் எது வந்தது என்று கவனியுங்கள். முதலாவது வந்தால் நின்று காத்திருக்கலாம். இரண்டாவது வந்தால் அந்த ரயில் வரவே வராது, வேறு ரயில் பார்க்கவேண்டியதுதான்.