விபத்து கிளைமுக்கு, காப்பீட்டு கம்பெனி சொல்லும் டாக்டரிடம் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டுமா?

போங்கள். போகாமல் இருந்தால் கிளைமை நிறுத்திவைக்க அதுவே அவர்களுக்குப் போதும். பல பாலிசிகளில் இதற்கென்றே ஒரு ஷரத்து உண்டு. உங்கள் டாக்டர் 'இன்னும் வேலைக்குப் போகக் கூடாது' என்று எழுதிக் கொடுத்த பிறகுதான், பரிசோதனைக்கு வரச் சொல்லும் கடிதம் வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

வேலையில் பாரம் தூக்கியபோது கீழ்முதுகில் டிஸ்க் பிதுங்கிவிட்டது. கம்பெனி அனுப்பிய டாக்டர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் அவர் வைத்தியம் பார்க்க வந்தவர் இல்லை. அவரிடம் நாம் சொல்வதெல்லாம் ரிப்போர்ட்டாகக் கம்பெனிக்குப் போகும். என் உச்சந்தலையில் கை வைத்து லேசாக அழுத்தி, "இடுப்பு வலிக்குதா?" என்றார். வலித்தது, சொன்னேன். படுக்கவைத்துக் காலைத் தூக்கியபோது துடித்துப்போனேன். பிறகு உட்காரவைத்து, பாதத்தைப் பார்ப்பதுபோல முழங்காலை நீட்டினார். அப்போது அவ்வளவு வலி இல்லை. ரிப்போர்ட்டில் 'உடல் காரணத்தோடு பொருந்தாத அறிகுறிகள்' என்று வந்தது. நான் நடிக்கிறேன் என்று கம்பெனி முடிவு கட்டி, பணத்தை நிறுத்தியது.

தலையை லேசாக அழுத்தினால் இடுப்பு வலிக்கக் கூடாது, காலை நீட்டினால் படுத்தாலும் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி வலிக்க வேண்டும் என்பது கணக்கு. அப்படிப் பொருந்தாமல் தெரிபவற்றுக்கு வாடெல் அறிகுறிகள் என்று பெயர். கார்டன் வாடெல் என்ற எலும்பு அறுவை நிபுணரும் அவருடைய சகாக்களும் 1980-ல் வெளியிட்டது. மொத்தம் 5 வகை. 3 தெரிந்தால்தான் பொருட்படுத்த வேண்டும். இதை வைத்து ஒருவர் நடிக்கிறார் என்று சொல்லிவிட முடியாது என்று வாடெலே 1998-ல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் சொல்லியிருக்கிறார். என் டாக்டர் இதைக் குறிப்பிட்டு, எம்.ஆர்.ஐ., கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் பாதம் தானாக அசைவது) குறைந்திருந்தது எல்லாவற்றையும் சேர்த்து, ரிப்போர்ட்டுக்கு வரிக்கு வரி பதில் எழுதினார். அதன் பிறகுதான் பணம் மறுபடி வரத் தொடங்கியது.

அந்த டாக்டர்கள் எல்லோரும் கம்பெனிக்குச் சாதகமாகவே எழுதுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பொய் கிளைம் போடுகிறவர்கள் இருப்பதும் தெரியும். அதற்காக, நிஜமாக வலியில் கிடப்பவரைத் திருடன்போலப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

கம்பெனியைக்கூட மன்னித்துவிடுவேன். கூட வேலை பார்த்தவர்களை மன்னிக்க மனம் வரவில்லை. நான் நடந்து போவதைப் பார்த்துவிட்டு, "ஆளு நல்லாத்தானே இருக்காரு" என்று ஆபீஸ் முழுக்கப் பரப்பினார்கள். நடக்கச் சொன்னதே டாக்டர்தான்! முதுகு வலிக்குப் படுத்தே கிடந்தால் இன்னும் கெடும். அதில் ஒருவர்கூட என்னிடம் நேரில் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

நான் வக்கீல் இல்லை, என் அனுபவத்தைத்தான் சொல்கிறேன். "குனிய முடியுமா?" என்றால் வெறுமனே "முடியும்" என்று நிறுத்தாதீர்கள். ஒரு தடவை முடியும், திரும்பத் திரும்பக் குனிந்தால் கால்வரை மரத்துப்போகும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். துணைக்கு ஆள் வரலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் என்னென்ன பார்த்தார், என்ன கேட்டார் என்று எழுதி வையுங்கள். ரிப்போர்ட்டின் நகலை எழுத்திலேயே கேட்டு வாங்கி, உங்கள் டாக்டரிடம் கொடுங்கள்.